கடல் பக்கமும் சாலைப் பக்கமும்

"ஆன்ட்டி, டாம்சின் அக்கா எப்ப வருவாங்க?"

அந்த வாரம் முழுவதும் ஆர்லீட்டா வென்ட்செலுக்கு இதே கேள்விதான். கெல்சோ பாயின்ட்டின் தபால் அலுவலகம் அவள் பொறுப்பில் இருந்தது. பள்ளி விட்டதும் குழந்தைகள் வீட்டுத் தபாலை வாங்கிப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டு வந்து நிற்பார்கள். கவுன்ட்டருக்கு மேலே கண்ணும் மூக்கும் மட்டும்தான் தெரியும். தபால் ஒரு சாக்கு. அவர்களுக்கு வேண்டியது டாம்சின்.

"வருவா கண்ணு. ஜூலை பொறக்கட்டும்" என்று ஆர்லீட்டா சொல்லுவாள். சொன்ன கையோடு, 'கர்த்தாவே, என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதேயும்' என்று மனசுக்குள் ஒரு சின்ன ஜெபமும் செய்துகொள்வாள்.

விஷயம் இதுதான். ஊரின் கடற்கரைக் குழுவுக்கு ஆர்லீட்டாதான் தலைவி. ஒவ்வொரு கோடையிலும் ஒரு கல்லூரி மாணவிக்குச் சம்பளம் கொடுக்கத் தலைநகர் ஒட்டாவாவிலிருந்து பணம் வரும். மாணவர்களுக்குக் கோடையில் வேலை கிடைக்கட்டும் என்று அரசாங்கம் வைத்திருக்கும் திட்டம் அது. அந்த மாணவி காலையில் குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லித் தருவாள். மத்தியானத்தில் உயரமான நாற்காலியில் உட்கார்ந்து, குளிக்க வருகிறவர்களைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொள்வாள். போன இரண்டு கோடையிலும் அந்த வேலையைச் செய்தவள் டாம்சின் மோஷர். ஹாலிஃபாக்ஸில் நர்ஸ் படிப்பு படிக்கிறவள். இந்த வருஷம், நிதியைக் குறைத்துவிட்டோம், உங்கள் ஊருக்கு இல்லை, மன்னிக்கவும் என்று பதில் வந்துவிட்டது. படிப்புக்குச் சம்பாதித்தே ஆகவேண்டிய பெண் சும்மா இருக்க முடியுமா? ஜூன் கடைசிக்குள் இங்கே ஒன்றும் ஆகாவிட்டால் நகரத்தில் பர்கர் கடைக்குப் போய்விடுவாள். நீச்சல் வகுப்பு அத்தோடு போயிற்று.

இதை ஆர்லீட்டா குழந்தைகளிடம் சொல்லவில்லை. போன கோடையின் கடைசி நாளில், "அடுத்த வருஷம் எல்லாரையும் மிதவைப் பலகை இல்லாம நீந்த வைக்கிறோம்" என்று அவளே வாய் விட்டிருந்தாள். கொடுத்த வாக்கு தொண்டையில் மீன்முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் இடைத்தேர்தல் வந்தது. பழைய எம்.பி. உடம்புக்கு முடியாமல் விலகிவிட்டார். நீலக் கட்சிக்கு வெண்டெல் ஸிங்க் நின்றார். தொகுதியின் மறுகோடியில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர். சிவப்புக் கட்சிக்கு கோரா ஐஸ்னர் என்ற வக்கீலம்மா நின்றார். ஒட்டாவாவில் ஆட்சி சிவப்புக் கட்சியுடையது. இருவருக்கும் சண்டை போட ஏதாவது வேண்டுமே, கோடை வேலைத் திட்டம் வாகாகக் கிடைத்தது. "நம்ம வரிப்பணத்துல பசங்களை உயரமான நாற்காலியில உக்கார வெச்சு கடலை வேடிக்கை பாக்க விடுறாங்க" என்று ரேடியோவில் வெண்டெல் சொன்னார். "இளைஞர்களோட எதிர்காலத்தை இரும்புக் கடைத் தராசுல நிறுக்காதீங்க" என்று அந்த அம்மா திருப்பிக் கொடுத்தார். இருவரும் கெல்சோ பாயின்ட்டுக்கே நேரில் வந்து விவாதம் செய்வதாக ஏற்பாடாயிற்று. தேவாலயத்தை ஒட்டிய லூத்தரன் மண்டபத்தில், ஜூன் மாதம் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம்.

மண்டபத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதற்கு நீளவாக்கில் ஒரு பக்கம் கடலைப் பார்த்த ஜன்னல்கள், மறுபக்கம் சாலையைப் பார்த்த ஜன்னல்கள். நீலக் கட்சிக் குடும்பங்கள் கடல் பக்கம் உட்காருவார்கள். சிவப்புக் கட்சிக் குடும்பங்கள் சாலைப் பக்கம். யார் போட்ட சட்டம் என்று யாருக்கும் தெரியாது. தேர்தல் கூட்டத்தில் மட்டுமில்லை, அறுவடை விருந்திலும், ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் கிறிஸ்துமஸ் நாடகத்திலும் அப்படித்தான். கட்சி இந்த ஊரில் மூக்கைப் போல. பிறக்கும்போதே அப்பாவிடமிருந்து வந்துவிடும். நீலக் குடும்பத்துப் பெண் ஒருத்தி சிவப்பு வீட்டில் வாழ்க்கைப்பட்டு, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நடு வழியில் நாற்காலி போட்டு உட்கார்ந்த கதையை இன்னும் சிரித்துச் சிரித்துச் சொல்லுவார்கள். ஆர்லீட்டா பிறவியிலேயே கடல் பக்கம். டாம்சின் வீட்டார் சாலைப் பக்கம்.

விவாதத்துக்கு முன்னால் மேடைப் பக்கத் தரை பளபளவென்று இருக்கட்டும் என்று ஆர்லீட்டாவின் அண்ணன் டெல்மார் வார்னிஷ் அடித்தான். சிங்கி இறால் பருவம் முடிந்து, கூடுகளைக் கரையேற்றிவிட்டு, கை அரிக்க உட்கார்ந்திருந்தவன். நல்ல எண்ணத்தில்தான் செய்தான். ஆனால் அவன் அடித்த அன்றே மூடுபனி இறங்கிற்று. இறங்கியது ஏறவே இல்லை. வியாழக்கிழமை மத்தியானம் ஆர்லீட்டா விரலை வைத்துப் பார்த்தாள். விரல் ஒட்டிக்கொண்டு வந்தது.

"அண்ணே, காஞ்சிடும்னு சொன்னியே?"

"காஞ்சிருக்கும். வெயில் வரலை. அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?"

"கண்ணு தெரியாத பனியில வார்னிஷ் அடிக்கிற ஆளை இன்னிக்குத்தான் பாக்குறேன்."

"அதோ பாரு, பூனை ஒண்ணு குறுக்கே நடந்து போயிருக்கு. அதுக்கு இருக்கிற தைரியம் உனக்கு இல்லை."

சமையலறை வாசலில் கரண்டியோடு நின்ற வெல்மா மோஷர் இதைக் கேட்டுச் சிரித்தாள். டாம்சினின் அம்மா அவள். கட்சியில் எதிரி, சமையலில் ஆர்லீட்டாவுக்குக் கூட்டாளி. அன்றைக்கு எல்லாருக்கும் மீன் சூப்பும், ருபார்ப் தண்டு வைத்துச் சுட்ட இனிப்புப் பலகாரமும் அவர்கள் பொறுப்பு.

"நீலக்காரன் அடிச்ச வார்னிஷ் எப்படிக் காயும்? செலவைக் குறைக்கிறேன்னு மட்டமான டப்பாவா வாங்கியிருப்பான்" என்றாள் வெல்மா.

"நீ வாங்கப் போயிருந்தா தேவைக்கு மேல நாலு டப்பா கடன்ல வாங்கியிருப்பே" என்றான் டெல்மார்.

"கடனோ உடனோ, தரை காஞ்சிருக்கும்ல?"

"சண்டையை அப்புறம் வெச்சுக்கலாம். முதல்ல நாற்காலியைத் திருப்புங்க" என்றாள் ஆர்லீட்டா.

வேறு வழியில்லை. மேடைப் பக்கம் யாரும் கால் வைக்க முடியாது. ஆகவே பேச்சாளர்களைச் சமையலறைப் பக்கம் நிறுத்திவிட்டு, நாற்காலிகளை எல்லாம் அந்தப் பக்கம் பார்க்கும்படி திருப்பிப் போட்டார்கள். ஜனங்கள் வழக்கம்போல் வந்தார்கள். கடல் பக்கத்தார் கடல் பக்கம், சாலைப் பக்கத்தார் சாலைப் பக்கம். யாருக்கும் எதுவும் மாறினதாகத் தோன்றவில்லை.

ஆனால் வேட்பாளர்கள் இந்த ஊருக்குப் புதியவர்கள். அவரவர் கட்சிக்காரர்கள் புறப்படும்போதே காதில் ஓதி அனுப்பியிருந்தார்கள்: மண்டபத்தில் நீங்கள் பேச நிற்கும்போது உங்கள் இடது கைப்பக்கம் நீலம், வலது கைப்பக்கம் சிவப்பு. மேடையில் நின்றால் அது சரிதான். எதிர்க்கோடியில் சமையலறை வாசலில் நின்றால்? இடது வலதாகிவிட்டது, வலது இடதாகிவிட்டது. அதை யாரும் யோசிக்கவில்லை. நாற்காலியைத் திருப்பிய ஆர்லீட்டாவும் யோசிக்கவில்லை.

பாஸ்டர் லாரிமர் ஜெபம் செய்து தொடங்கினார். "கேட்கச் செவியையும், பொறுக்க மனதையும் தாரும். சூப்பு ஆறாமலிருக்கவும் உதவும்" என்று முடித்தார். ஆமென் வழக்கத்தைவிடப் பலமாக வந்தது.

முதலில் வெண்டெல் ஸிங்க் எழுந்தார். பெருத்த உடம்பு, கனிந்த முகம். இடது பக்கம் திரும்பி, அங்கே உட்கார்ந்திருந்த சிவப்புக் கட்சிக்காரர்களைத் தம்முடைய சொந்த நீலங்கள் என்று எண்ணிக்கொண்டு வாஞ்சையோடு சிரித்தார்.

"நாமெல்லாம் யாரு? சொந்தக் கால்ல நிக்கிறவங்க. யார்கிட்டயும் கை நீட்டாதவங்க. நம்ம பிள்ளைங்க வேலை வேணும்னா போய்த் தேடிக்கிறாங்க. ஒட்டாவா வந்து ஊட்டி விட வேண்டியதில்லை."

சாலைப் பக்கத்தில் எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். 'இந்த மனுஷன் நம்மை ஏன் இப்படிப் புகழ்கிறான்?' என்று வெல்மா கரண்டியால் கன்னத்தைச் சொறிந்தாள்.

வெண்டெல் வலது பக்கம் திரும்பினார். அவருடைய குரல் கடுமையாயிற்று. விரலும் நீண்டது. அந்த விரலுக்கு நேர் எதிரே டெல்மார் உட்கார்ந்திருந்தான்.

"அங்கே இருக்கிறவங்களுக்குச் சொல்றேன். உங்களுக்கு எதுக்கெடுத்தாலும் அரசாங்கம் வேணும். உங்க வீட்டுப் பொண்ணு நாற்காலியில உக்காந்து நகத்துக்குச் சாயம் பூசுறதுக்கு ஊரான் வரி கட்டணும். வெட்கமா இல்லை?"

டெல்மாரின் முகம், வேக வைத்த சிங்கி இறாலின் நிறத்துக்குப் போயிற்று. அவனுடைய மகள் ரெனேட்டா டாம்சினுக்கு முன்னால் நான்கு கோடை அந்த நாற்காலியில் உட்கார்ந்தவள். ஆர்லீட்டா அவன் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன இது, நம்ம ஆளே நம்மைத் திட்டுறான்?" என்று டெல்மார் பல்லைக் கடித்தான்.

"பொறு அண்ணே. ஏதோ காரணம் இருக்கும்."

அடுத்து கோரா ஐஸ்னர் எழுந்தார். ஒல்லியான அம்மா, வெள்ளைக் கழுத்துக்குட்டை. அவர் வலது பக்கம் திரும்பி, கடல் பக்கத்து நீலங்களைப் பார்த்து இரு கைகளையும் விரித்தார்.

"என் சொந்த ஜனங்களே! உதவி கேக்குறது அவமானமில்லைன்னு உங்களுக்குத் தெரியும். உங்களால தனியா முடியாது. நாங்க இருக்கோம்."

"எங்களால முடியாதா?" என்று கடல் பக்கத்தில் ஒரு கிழவர் உரக்கக் கேட்டார். அவருக்குக் காது கேட்காது. ஆனால் இது கேட்டுவிட்டது.

கோரா அதற்குள் இடது பக்கம் திரும்பிவிட்டார். அங்கே முதல் வரிசையில் வெல்மா.

"ஆனா அங்கே உக்காந்திருக்கிற உங்களைக் கேக்குறேன். ரெண்டு காசு வரி மிச்சமாகுதுன்னா குழந்தைங்க தண்ணியில முழுகினாலும் பரவாயில்லைன்னு இருக்கீங்களே, உங்களுக்கு மனசாட்சி இருக்கா?"

வெல்மா எழுந்தாள். கையில் கரண்டி.

"யாரைப் பாத்து என்ன பேசுற? எங்க வீட்டுல நாலு தலைமுறையா உன் கட்சிக்கு ஓட்டுப் போட்டு வர்றோம். என் மக அந்தக் கடற்கரையில காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் குளிர்ல நடுங்கிக்கிட்டு ஊர்க் குழந்தைங்களை மிதக்க வெச்சவ. நானா குழந்தைங்க முழுகட்டும்னு நினைக்கிறவ?"

"அப்படிக் கேளு வெல்மா!" என்று கடல் பக்கத்திலிருந்து டெல்மார் கத்தினான். சட்டை நுனி ஆர்லீட்டாவின் கையை விட்டு நழுவிற்று. "நீ என்னய்யா சொன்னே, நகத்துக்குச் சாயமா? என் மக போன பிறகும் அந்த நாற்காலியில சாயம் எதுவும் இல்லை. கடல் காத்துல துருதான் ஏறிக் கிடந்துச்சு!"

வேட்பாளர்கள் இருவரும் திருதிருவென்று விழித்தார்கள். பாஸ்டர் மேஜையைத் தட்டினார். யாரும் கேட்கவில்லை. அந்தக் கூச்சலில் ஆர்லீட்டாவின் கண் மூடுபனி அப்பிய ஜன்னலுக்குப் போயிற்று, அங்கிருந்து மேடைக்கு, மேடையிலிருந்து திரும்பிக் கிடந்த நாற்காலிகளுக்கு. சட்டென்று அவளுக்கு விளங்கிற்று. வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். பொத்தியும் சிரிப்பு விரலிடுக்கில் வந்துவிட்டது.

"ஐயோ, நாற்காலி! நாற்காலியைத் திருப்பினேனே! அவங்க ரெண்டு பேரும் பக்கம் மாறிப் பேசியிருக்காங்க. வெண்டெல் ஐயா, நீங்க திட்டினது உங்க கட்சிக்காரங்களை. வக்கீலம்மா, நீங்களும் அதே!"

யாரோ பின்வரிசையில் களுக்கென்றார்கள். அவ்வளவுதான். இரண்டு பக்கமும் சிரித்த சிரிப்பில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. காது கேட்காத கிழவருக்குப் பக்கத்திலிருந்தவர் விஷயத்தைக் காதில் கத்திச் சொல்ல, எல்லாரும் ஓய்ந்த பிறகு அவர் தனியாக ஒரு சுற்றுச் சிரித்து முடித்தார். வெண்டெல் ஸிங்க் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "அம்மா, எனக்கு ஒரு நாற்காலி குடுங்க, எந்தப் பக்கமானாலும் சரி" என்றார்.

டெல்மார் மட்டும் சீக்கிரம் சிரிப்பை நிறுத்திவிட்டான். நடு வழியைத் தாண்டி வெல்மாவைப் பார்த்தான்.

"வெல்மா, இந்தப் பேச்சைத்தானே நாங்க காலங்காலமா உங்க பக்கம் பாத்துப் பேசிக்கிட்டு வந்தோம்? இன்னிக்கு என் மேல விழுந்தப்பதான் தெரியுது. நல்லா சுரீர்னு இருக்கு."

வெல்மா கரண்டியை இறக்கினாள். "எனக்கும்தான். மனசாட்சி இல்லாதவங்கன்னு உங்களை எத்தனை தடவை சொல்லியிருப்பேன்? சொல்லும்போது ருசியா இருந்துச்சு."

அது போதுமானதாக இருந்தது. பெரிய மன்னிப்புகள் கோயில் பீடத்துக்கு வேண்டியவை; அடுத்த வீட்டுக்காரர்களுக்கு இப்படி ஒரு வார்த்தை போதும்.

அப்போது ஆர்லீட்டா எழுந்து நின்றாள். கூட்டத்தில் அவள் பேசியதே இல்லை. 'கர்த்தாவே, வார்த்தை கொடும்' என்றாள். வந்த வார்த்தை ஒரு கேள்வி.

"இங்க எத்தனை பேருக்கு நீந்தத் தெரியும்? கையைத் தூக்குங்க."

குழந்தைகளின் கைகள் இரண்டு பக்கமும் சடசடவென்று எழுந்தன. சில இளவட்டங்களின் கைகள். பெரியவர்கள்? கடலிலேயே பிறந்து கடலிலேயே சம்பாதிக்கும் அந்த ஊர் ஆண்கள் அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள். டெல்மார் பூட்ஸ் நுனியைப் பார்த்தான். மீனவனுக்கு நீச்சல் எதற்கு, நம் தண்ணீரில் விழுந்தால் நீந்தத் தெரிந்தவன் விறைத்துச் சாக இன்னும் கொஞ்ச நேரம் ஆகும், அவ்வளவுதான் என்று அவர்கள் சொல்லிக்கொள்வது வழக்கம். வேடிக்கையாகச் சொல்வார்கள். அவர்கள் படகேறும் விடியற்காலையில் வீட்டில் இருக்கிறவர்களுக்கு அது வேடிக்கையாக இருந்ததில்லை.

வெண்டெலின் கை பாதி உயர்ந்து, "குளத்துல கொஞ்சம்..." என்று அவர் முனகுவதற்குள் கீழே வந்துவிட்டது. கோராவின் கை எழவே இல்லை.

"எனக்கும் தெரியாது" என்றாள் ஆர்லீட்டா. "கடற்கரைக் குழுத் தலைவி நான். கணுக்காலுக்கு மேல நனைஞ்சதில்லை. கையைத் தூக்கினவங்க எல்லாரும் அந்தச் சம்பளத்துல வந்த பிள்ளைங்ககிட்ட கத்துக்கிட்டவங்க. அதுல கடல் பக்கம் சாலைப் பக்கம் இருக்கான்னு நீங்களே பாத்துக்கோங்க. நான் குழந்தைங்களுக்கு வாக்குக் குடுத்திருக்கேன். எனக்கு டாம்சின் வேணும். அவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்ச அரசியல்."

உட்கார்ந்துவிட்டாள். காது சுட்டது.

வெண்டெல் மெதுவாகப் பேசினார். இப்போது அவர் எந்தப் பக்கமும் விரல் நீட்டவில்லை. "அம்மா, நீங்க சொல்றது எனக்குப் புரியுது. நான் தப்பான பக்கம் பேசினேன். ஆனா என் கேள்வி அப்படியேதான் இருக்கு. இவ்வளவு முக்கியம்னா, ஒட்டாவா மனசு வெக்கிற வரைக்கும் ஏன் காத்திருக்கணும்? நம்ம ஊரு, நம்ம குழந்தைங்க."

"எல்லா ஊருக்கும் முடியுமா ஐயா?" என்றார் கோரா. "ஒரு ஊர்ல காசு இருக்கும், அடுத்த ஊர்ல இருக்காது. கடல் ரெண்டு ஊர்லயும் ஒரே ஆழம்தானே? இந்த வருஷம் குறைச்சது எங்க கட்சிதான். அது தப்பு. அதை இங்க நின்னு சொல்றதுக்கு எனக்கு வெட்கமா இருக்கு."

"நீங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கு" என்றார் வெண்டெல். ரேடியோக்காரர்கள் இதைக் கேட்காமல் போனார்களே என்று பாஸ்டருக்கு வருத்தம்.

சாலைப் பக்கக் கடைசி வரிசையில் டாம்சின் எழுந்தாள். கறுத்துச் சுருண்ட முடி, நீளமான கைகள். சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றவள் போல இருந்தாள்.

"எனக்கு ஒரு யோசனை. காலையில குழந்தைங்களுக்கு. சாயங்காலம் பெரியவங்களுக்கு. பெரியவங்க அவங்க வகுப்புக்கு முடிஞ்சதைக் குடுங்க. அது போதும்னா நான் பர்கர் கடைக்குப் போகலை."

காசைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. நீச்சல் உடையைப் பற்றி யோசித்தார்கள்.

"ஊரே கரையில நின்னு பாக்க, நான் அரைக்கால் உடுப்புல இறங்கணுமா?" என்றான் டெல்மார்.

"உன் காலை யாருப்பா பாக்கப் போறாங்க? மூடுபனி இருக்கே" என்றாள் வெல்மா. "நீ இறங்கினா நானும் இறங்குறேன்."

"நிஜமாவா?"

"கரண்டி மேல சத்தியம்."

டெல்மார் பெருமூச்சு விட்டான். குனிந்து தன் ரப்பர் பூட்ஸ் ஒன்றைக் கழற்றினான். உள்ளே எதையோ போட்டு, பக்கத்தில் இருந்தவரிடம் நீட்டினான். "இந்தா, சுத்துக்கு விடு."

"ஐயோ, நாத்தம்!" என்று அலறல். ஆனாலும் பூட்ஸ் கை மாறிற்று. கடல் பக்கம் முழுக்கப் போய், நடு வழியைத் தாண்டிச் சாலைப் பக்கம் போயிற்று. ஒவ்வொருவரும் முழங்கை வரை உள்ளே விட்டு எடுத்தார்கள். இருக்கிறவர் போட்டார், இல்லாதவர் வெறும் கையை விட்டு எடுத்தார். யார் எது என்று யாருக்கும் தெரியவில்லை. காணிக்கைத் தட்டாக இருந்திருந்தால் தெரிந்திருக்கும். அந்த நாற்றம் பிடித்த பூட்ஸை ஆர்லீட்டா மனசார வாழ்த்தினாள்.

வேட்பாளர்களிடம் வந்தபோது பாஸ்டர் பதறிப்போனார். "தேர்தல் நேரத்துல நீங்க பணம் போட்டா சட்டப்படி சரியா வருமோ என்னவோ!"

"அப்ப வேற ஒண்ணு போடட்டும்" என்றாள் வெல்மா. "ஜெயிச்சாலும் தோத்தாலும் ஜூலையில வந்து தண்ணியில இறங்குறோம்னு வாக்குப் போடட்டும்."

இரண்டு பக்கமும் சேர்ந்து கை தட்டிற்று. கெல்சோ பாயின்ட் மண்டபத்தில் அப்படி ஒரு சத்தம் கேட்டதில்லை. வெண்டெல் கோராவைப் பார்த்தார், கோரா வெண்டெலைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் தப்ப வழியில்லை. அதற்குள் சூப் மணம் தூக்கிற்று. திரும்பிக் கிடந்த நாற்காலிகளில் யார் எங்கே உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்பதை யாரும் கவனிக்கவில்லை. ஆர்லீட்டா மட்டும் கவனித்தாள். சொல்லாமல் வைத்துக்கொண்டாள்.

ஜூலை பிறந்தது. தபால் அலுவலகக் கதவைத் தள்ளிக்கொண்டு குழந்தைகள், "வந்துட்டாங்க, வந்துட்டாங்க!" என்று கத்திவிட்டு ஓடினார்கள். ஆர்லீட்டா கவுன்ட்டருக்குப் பின்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு முத்திரையை மை இல்லாமலே நாலு கடிதத்தில் குத்தினாள்.

தேர்தலில் வெண்டெல் ஸிங்க் ஜெயித்தார், கொஞ்சம் ஓட்டில். எம்.பி. ஆன மறுவாரமே கோடை வேலை அலுவலகத்துக்குப் போன் மேல் போன் போட்டார். எந்த ஊரிலோ மாணவர் கிடைக்காமல் ஓர் இடம் காலியாகக் கிடந்தது. அதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் தோற்றுப்போன கோரா. "அந்தத் திட்டம் வேண்டாம்னுதான் இப்பவும் சொல்றேன்" என்றார் வெண்டெல் ஆர்லீட்டாவிடம். "ஆனா அது இருக்கிற வரைக்கும் கெல்சோ பாயின்ட்டை விட்டுட்டுப் போகக் கூடாது." ஆர்லீட்டாவுக்கு இந்த நியாயம் முழுக்கப் புரியவில்லை. அதில் இருந்த அன்பு புரிந்தது. பணம் ஆகஸ்டில் வந்தது. டாம்சின் செப்டம்பரில் கல்லூரிக்குப் போகும்போது பயமில்லாமல் போனாள்.

அந்தப் பணம் வருவதற்கு முன்னால், ஜூலையில் ஒரு சாயங்காலம் நடந்ததுதான் ஊரில் இன்றைக்கும் பேச்சு.

அன்று வானம் கழுவி விட்டது போல இருந்தது. தண்ணீர் எலும்பைக் கடித்தது. டெல்மார் இடுப்பளவு ஆழத்தில் ஆண்டவர் பெயரை அடிக்கடி சொல்லிக்கொண்டு நின்றான். ஜெபம் என்று பாஸ்டர் எடுத்துக்கொண்டார். வெல்மா ரப்பர் தொப்பியோடு ஏற்கெனவே மிதந்துகொண்டிருந்தாள். கரையில் குழந்தைகள் வரிசையாக உட்கார்ந்து, "காலை உதைங்க மாமா! வயித்தை மேல தூக்குங்க!" என்று தாங்கள் கற்ற பாடத்தை எல்லாம் பெரியவர்கள் மேல் கொட்டினார்கள். கழுத்துவரை நனைந்து, உதடு நீலம் பாரித்து, ஆர்லீட்டா சிரித்துக்கொண்டே இருந்தாள். நிறுத்த முடியவில்லை.

வெண்டெலும் கோராவும் சொன்னபடி வந்திருந்தார்கள். டாம்சின் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் மல்லாக்கப் படுக்கவைத்து, இரண்டு தலைக்கும் கீழே ஒவ்வொரு கையைக் கொடுத்திருந்தாள்.

"ஒண்ணு சொல்லணும்" என்றார் வெண்டெல் வானத்தைப் பார்த்தபடி. "இந்த நிதியை நகராட்சிக்கே குடுத்துட்டா..."

"அது நடக்காத காரியம் ஐயா. நகராட்சிக்கு எங்கேயிருந்து..." என்றார் கோரா, அவரும் வானத்தைப் பார்த்தபடி.

"சார், மேடம், பேசினா மூச்சு போயிடும். மூச்சு போனா முழுகிடுவீங்க" என்றாள் டாம்சின்.

இருவரும் வாயை மூடினார்கள். நெஞ்சு நிறையக் காற்றை வைத்துக்கொண்டார்கள். டாம்சின் மெல்லக் கைகளை எடுத்தாள். மிதந்தார்கள்.

ஒரு சின்ன அலை வந்தது. வெண்டெலின் பெரிய உடம்பு சாய்ந்து, கால் கீழே போக ஆரம்பித்தது. அவர் கண்ணில் பயம் வந்ததை ஆர்லீட்டா பார்த்தாள். கோராவும் பார்த்திருக்க வேண்டும். அந்த அம்மா, தானே அப்போதுதான் மிதக்கக் கற்றவர், கையை நீட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். வெண்டெலின் கால் மறுபடி மேலே வந்தது.

அலை கடந்து போயிற்று. அப்புறமும் அந்தக் கையை இரண்டு பேரில் ஒருவரும் விடவில்லை.